கதவு மூடுவதற்குள் வந்துவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகர், "மால், சினிமா, ஹோட்டல் தவிர பெங்களூரில் சாயங்காலம் குடும்பத்தோடு போக ஓர் இடம் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். ஜே.பி. நகர் இரண்டாவது ஃபேஸில் ரங்கசங்கரா என்று ஒரு நாடக அரங்கம் இருக்கிறது, திங்கள்கிழமை தவிர அநேகமாக எல்லா நாளும் நாடகம் உண்டு, போய்ப் பாருங்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேஜையில் ஓர் அடுக்காகச் சேர்ந்துவிட்டன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதையே பேசிவிடலாம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். டெலிபோன் செய்கிற ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்தேன். 1978-லிருந்து தமிழ், கன்னட நாடகங்களுக்கு விளக்கு போட்டு வருகிறேன். அதனால் இங்கே நான் சொல்வதெல்லாம் விளக்குக்குப் பின்னால் நிற்கிறவன் பார்த்ததுதான்.

"ஏழரை மணி அடித்தால் ரங்கசங்கராவில் கதவை மூடிவிடுவார்கள், டிக்கெட் வைத்திருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா ஐயா? பெங்களூர் டிராஃபிக்கில் இது நடக்கிற காரியமா? இவ்வளவு கண்டிப்பு எதற்கு?" – அல்சூர் வாசகர் ஒருவர்

உண்மைதான். யாராக இருந்தாலும் ஒரே சட்டம். இது எதற்கு என்று சொல்ல நான் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1983. ஊரில் ஒரு ஹாலில் எங்கள் தொழிற்சாலை நண்பர்கள் போட்ட தமிழ் நாடகம். அப்போது எங்களிடம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, கடையில் வாங்கிய டிம்மர் கிடையாது. ஊறுகாய் ஜாடி மாதிரி பெரிய பீங்கான் ஜாடியில் உப்புத் தண்ணீரை ஊற்றி, அடியில் ஒரு உலோகத் தகடு, மேலே கயிற்றில் இன்னொரு தகடு. மேல் தகட்டை இறக்க இறக்க மின்சாரம் கூடி விளக்கு பளிச்சென்று எரியும். தூக்கத் தூக்க மங்கும். உப்பு ஒரு பிடி கூடிப்போனால் விளக்கு மங்கவே மங்காது, குறைந்தால் ஏறவே ஏறாது. தண்ணீர் சூடாகி ஆவி வரும். காலுக்கடியில் மரப்பலகை, காலில் ரப்பர் செருப்பு, ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால். இப்படித்தான் அந்தக் காலத்தில் பாதி அமெச்சூர் குழுக்கள் விளக்கை மங்க வைத்தார்கள். இன்றைக்கு யாரும் செய்து பார்க்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியில், மகன் வரமாட்டான் என்று தெரிந்துகொண்ட தாய் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். வசனம் கிடையாது. ஒரே ஒரு விளக்கு, அதையும் நாற்பது எண்ணுவதற்குள் நான் இருட்டாக்க வேண்டும். அந்த நாற்பது எண்ணிக்கைக்காக மூன்று வாரம் ஒத்திகை பார்த்தோம். நான் இருபத்திரண்டு எண்ணியிருப்பேன், பின்பக்கக் கதவு திறந்தது. வராண்டாவின் டியூப்லைட் வெளிச்சம் நேராக மேடையில் வந்து விழுந்தது. நாலு பேர் உள்ளே வந்தார்கள். "ஜி வரிசை எங்கே இருக்கு?" என்று ஒருவர் சத்தமாகக் கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் மறுபடி மேடையைப் பார்த்தபோது என் கணக்கு முடிந்து இருட்டாகிவிட்டது. அந்த அம்மாள் அழுததை யாரும் பார்க்கவில்லை. நாடகம் முடிந்து ஒரு மணி நேரம் அவர் மேக்கப்பைக் கலைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்ன சொல்வதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஹாலில் நாடகம் ஆறரை மணி என்று போட்டால் ஏழரைக்குத்தான் தொடங்கும். சிறப்பு விருந்தினர் வர வேண்டும், மாலை போட வேண்டும், பேச வேண்டும். பார்க்க வருகிறவருக்கும் அது தெரியும் என்பதால் அவரும் மெதுவாகத்தான் வருவார். இது ஒரு சங்கிலி. யாராவது ஒருவர் எங்காவது ஒரு கண்ணியை அறுக்க வேண்டும். ரங்கசங்கரா முதல் நாளிலிருந்து அதைச் செய்தது. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் ஏழே காலுக்கே வரிசையில் நிற்பதைப் பார்க்கிறேன். இந்த ஊரில் இத்தனை பேரை ஒரே நேரத்துக்கு வர வைத்திருக்கிறார்கள், அது சின்ன வேலையா?

நானே ஒருமுறை பனசங்கரி பக்கம் மாட்டிக்கொண்டு மூன்று நிமிடம் தாமதமாகப் போனேன். கதவு மூடியிருந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே என்னைப் போல ஒருவன் எண்ணிக்கொண்டிருப்பான் என்று நினைத்ததும் வருத்தம் போய்விட்டது. வெளியே கஃபேயில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் அல்சூரிலிருந்து காரில் வராதீர்கள். ஹலசூரு நிலையத்தில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, ஜெயப்பிரகாஷ் நகரில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் தாராளமாகப் போதும்.

"ரங்கசங்கரா என்ற பெயரில் இருக்கிற சங்கர் யார்? சாமி பெயரா?" – கே.ஆர். புரம், கல்லூரி மாணவர்

தம்பி, நீ தினமும் பார்க்கிற ஆள்தான். பெங்களூர் ஆட்டோக்களின் பின்னால், ஆட்டோ ஸ்டாண்டு போர்டுகளில், சிரித்த முகமாக ஒருவர் படம் இருக்குமே, அவர்தான் சங்கர் நாக். ஆட்டோ ஓட்டுநராக ஒரு படத்தில் நடித்தார். அன்றிலிருந்து இந்த ஊர் ஆட்டோக்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள். ஆர்.கே. நாராயணனின் மால்குடிக் கதைகளைத் தூர்தர்ஷனுக்காகத் தொடராக எடுத்தவரும் அவரே. ஆனால் அவர் அடிப்படையில் நாடகக்காரர். பம்பாயில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அருந்ததியைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் பெங்களூர் வந்து 'சங்கேத்' என்று ஒரு குழு நடத்தினார்கள். பம்பாயில் ஜூஹுவில் சசி கபூரும் ஜெனிஃபரும் 1978-ல் பிருத்வி தியேட்டரைத் திறந்தார்கள், 200 பேர் மட்டும் உட்காரும் சின்ன அரங்கம். அப்படி ஒன்று நம்ம ஊருக்கும் வேண்டும் என்பது இவர்கள் ஆசை.

1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே நடந்த கார் விபத்தில் சங்கர் இறந்துவிட்டார். 36 வயதுகூட நிறையவில்லை. அதே காரில் இருந்த அருந்ததி நாகுக்குப் பலத்த காயம். எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் அந்த ஆசையைக் கையில் எடுத்தார். அறக்கட்டளை அமைத்து, அரசிடம் நிலம் கேட்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டி நிதி திரட்டி, 2004 அக்டோபர் 28 அன்று அரங்கத்தைத் திறந்தார். விபத்திலிருந்து 14 வருடம். ரங்க என்றால் கன்னடத்தில் அரங்கம், மேடை. சங்கரின் மேடை என்று வைத்துக்கொள்.

"எனக்குக் கன்னடம் கடை கண்ணியில் சமாளிக்கிற அளவுக்கு வரும். நாடகக் கன்னடம் புரியுமா? புரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் அண்ணா." – ஸ்ரீராமபுரம் வாசகி

நாலைந்து வருடம் முன்னால் ரங்கசங்கராவில் ஒரு கன்னட நாடகம் பார்த்தேன். முன்வரிசை. மாமியார், மருமகள் இருவர்தான். மாமியார் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே இருந்தார். நிஜப் பூண்டு. முதல் பத்து நிமிடம் நான் கவனிக்கவில்லை. அப்புறம் வாசனை வந்தது. மூன்றாவது வரிசை வரைக்கும் வந்திருக்கும். மருமகள் ஏதோ சொல்ல, மாமியாரின் விரல் நின்றுவிட்டது. பல்லைப் பாதி உரித்தபடி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பூண்டுத் தோல் ஒன்று அவர் விரலில் ஒட்டி ஃபேன் காற்றில் ஆடியது. அதை அவர் உதறவில்லை. அந்த வீட்டில் இனி என்ன நடக்கப்போகிறது என்பது அந்தத் தோலைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் என் மனைவி, அவளுக்குக் கன்னடம் உங்கள் அளவுக்குத்தான் வரும், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இது பெரிய ஹாலில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்தால் கிடைக்காது. ரங்கசங்கராவில் மொத்தமே சுமார் 300 பேர்தான் உட்காரலாம். மேடை முன்னால் நீண்டு வந்து நம் நடுவில் நிற்கும், மூன்று பக்கமும் நாம் இருப்போம். நடிகருக்கும் முன்வரிசைக்கும் இடையில் பள்ளமோ திரைச்சீலையோ கிடையாது. அதனால் வார்த்தை பாதி விட்டுப்போனாலும் முகம் விட்டுப்போகாது. மீதிப் பாதி வார்த்தை எப்படியும் நமக்குப் பழக்கமானதுதான். மனெ, ஹாலு, ஹூவு, ஹெசரு. தமிழ் மனை, பால், பூ, பெயர். நாலு நாடகம் பார்த்தால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்னட நவீன நாடகத்துக்குத் தகப்பன் என்று அவர்கள் கொண்டாடுகிற டி.பி. கைலாசம் யார் தெரியுமா? தியாகராஜ பரமசிவ கைலாசம். வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பத்துப் பிள்ளை. லண்டனில் நிலவியல் படித்துவிட்டு வந்து, தெருவில் ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்களோ அந்தக் கன்னடத்தை, நடுவில் விழுகிற இங்கிலீஷோடு சேர்த்து மேடையில் ஏற்றினார். 1946-ல் இறந்தார். அதே மாதிரி நாடகாசிரியர் கிரீஷ் கர்னாடுக்கு வீட்டு மொழி கொங்கணி. அருந்ததி நாகுக்கு மராத்தி. இவர்கள் எல்லோரும் சேர்ந்து வளர்த்த கன்னட நாடகத்தில் நீங்கள் ஒரு டிக்கெட் வாங்கி உட்காருவதற்குக் கூச்சப்பட என்ன இருக்கிறது?

முதல்முறைக்கு, நடிகர்கள் குறைவாக உள்ள குடும்ப நாடகம் அல்லது பாட்டும் ஆட்டமும் உள்ள நாடகம் எதையாவது தேர்ந்தெடுங்கள். சரித்திர நாடகத்தை மூன்றாவது நாலாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீராமபுரத்திலிருந்து ஜெயப்பிரகாஷ் நகருக்கு மெட்ரோவில் மாறவே வேண்டாம், ஒரே பச்சைத் தடம்.

"ஏழு வயதுப் பேத்தியை அழைத்துப் போகலாமா?" – காக்ஸ் டவுன்

குழந்தைகளுக்கென்று போடுகிற நாடகத்துக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அங்கே அதற்கென்றே 'ஆஹா!' என்று ஒரு திட்டம் பல வருடமாக நடக்கிறது. பெரியவர்கள் நாடகத்துக்கு வயது வரம்பு போட்டிருப்பார்கள், பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஞாயிறு மதியக் காட்சி மூன்றரைக்கு இருந்தால் குழந்தைக்குத் தூக்கம் கெடாது. உள்ளே தின்பண்டம் கூடாது. முன்னாலேயே கஃபேயில் ஓர் அக்கி ரொட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

"எங்கள் குடியிருப்புத் தமிழ் மன்றத்தில் வருடம் ஒருமுறை, பொங்கலுக்கு நாடகம் போடுகிறோம். 14 பேர், நாலு செட், காலர் மைக், பின்னணி இசை என்று அமர்க்களமாக இருக்கும். இந்த வருடம் இளைஞர்கள், 'ரங்கசங்கராவில் போடலாமே' என்கிறார்கள். அப்படியே கொண்டுபோய்ப் போட முடியுமா? வாடகை கட்டுப்படியாகுமா?" – ஒரு மன்றச் செயலாளர்

இந்தக் கடிதம் வந்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் வாடகை. அரங்கம் தொடங்கியபோது ஒரு நாள் வாடகை 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். அரங்கத்தை நடத்துகிற செலவுக்கு அது எந்த மூலைக்கும் காணாது. மீதியை நன்கொடையாளர்களிடம் கேட்டு வாங்கி ஈடுகட்டினார்கள். காரணம் எளிது. 300 டிக்கெட் விற்கிற குழு வாடகைக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் அடுத்த நாடகம் போட அதனிடம் காசு இருக்காது. கூட்டம் நிச்சயம் என்கிற பழைய நாடகத்தையே திரும்பத் திரும்பப் போடும். தோற்றாலும் பரவாயில்லை என்று ஒரு குழு புதிதாக ஒன்றை முயற்சி செய்ய வேண்டுமானால் தோல்வியின் விலை குறைவாக இருக்க வேண்டும். இந்த ஊரில் இருபது வருடமாக இத்தனை இளம் குழுக்கள் முளைத்ததற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். இன்றைய வாடகையையும் தேதியையும் நேராக அவர்களிடமே கேளுங்கள். பல மாதம் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். பொங்கலுக்கு நாலு வாரம் இருக்கும்போது போய் நின்றால் கிடைக்காது.

சரி, இப்போது உங்கள் நாடகம். அப்படியே கொண்டுபோக முடியாது. மூன்று பக்கமும் ஆள் உட்காரும் மேடையில் நாலு செட்டை எங்கே நிறுத்துவீர்கள்? ஆள் உயரத்துக்கு ஒரு பீரோவை வைத்தால் ஒரு பக்கம் உட்கார்ந்த நூறு பேருக்கு நாடகமே தெரியாது. வரைந்த திரை பின்சுவரில் மட்டும்தான் நிற்கும், அதுவும் பக்கவாட்டில் இருக்கிறவருக்குச் சாய்வாகத் தெரியும். காட்சிக்குக் காட்சி இழுத்து மூட முன்திரை கிடையாது. ஒரு பெஞ்சு, ஒரு முக்காலி, ஒரு கயிற்றுக் கட்டில், இவ்வளவு போதும். கட்டிலை நிமிர்த்தினால் கதவு, சாய்த்தால் கூரை. நடிக்கிறவர் அதைக் கதவென்று நம்பித் தட்டினால் பார்க்கிறவருக்கும் அது கதவுதான்.

காலர் மைக்கைத் தயவுசெய்து வீட்டில் வைத்துவிடுங்கள். சபா நாடகத்தில் மைக்கைப் பார்த்து வரிசையாக நின்று வசனம் பேசிப் பழகிவிட்டோம். இங்கே குரல் நேராகப் போக வேண்டும். மைக்கில் வந்தால் நடிகர் இடது பக்கம் நிற்பார், குரல் கூரையிலிருந்து வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொய்யாகத் தெரியும். உங்கள் குடியிருப்பில் மொட்டை மாடி இருக்கும் இல்லையா? அந்தக் கோடியில் ஒருவரை நிறுத்தி, கத்தாமல் அவர் காதுக்கு எட்டும்படி பேசிப் பழகச் சொல்லுங்கள். வாக்கியத்தின் கடைசி வார்த்தையை விழுங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது? அதை விழுங்கினால் யார் யாரை என்ன செய்தார் என்பதே தெரியாமல் போய்விடும்.

"முதுகைக் காட்டாதே" என்று உங்கள் இயக்குநர் சொல்லிக்கொண்டே இருப்பார். இங்கே எப்போதும் யாருக்காவது முதுகு தெரியும். அதனால் முதுகும் நடிக்க வேண்டும். ஒத்திகையின் முதல் நாளே மன்றத்து ஹாலின் தரையில் கோலமாவால் ஒரு செவ்வகம் போடுங்கள். மூன்று பக்கம் நாற்காலி போட்டு, வீட்டிலிருந்து பெரியவர்களை வரவழைத்து உட்கார வையுங்கள். எந்தப் பாட்டி எப்போது கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறாரோ அந்த இடத்தில் நடிகர் நகர வேண்டும். இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

விளக்கு பற்றி நான் சொல்லாமல் இருக்க முடியாது. எதிரிலிருந்து நேராக ஒரு ஸ்பாட் போட்டால் முகம் தெரியும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தவர் கண்ணிலும் அடிக்கும். அதனால் விளக்கை உயரத்தில், செங்குத்தாக மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் புருவத்தின் நிழல் கண்ணில் விழும், பேய் மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்ய மூன்று பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம் சேர்க்க வேண்டும். நான் அங்கே முதன்முதலில் விளக்கு போட்ட நாடகத்துக்கு ஒரே ஒரு திண்ணைக்கு ஐந்து விளக்கை நாலு மணி நேரம் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தத் திண்ணையில் சாயங்காலம் வந்து உட்கார்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று கலர் கலராகப் போடாதீர்கள். விளக்குக்கு முன்னால் மாட்டுகிற கலர் தாளில் நல்ல அம்பர், அதாவது தேன் நிறம் ஒன்று, வெளிறிய நீலம் ஒன்று, இரண்டு போதும்.

14 பேரை எட்டாக்குங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் வையுங்கள். வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை எதுவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், விளக்கு போட நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், ஒத்திகைக்கு ஒரு ஃப்ளாஸ்க் டீ போதும்.

"நீங்கள் இவ்வளவு புகழ்கிறீர்கள். ஆனால் ஜே.பி. நகரில் காரில் வந்து இறங்கி இங்கிலீஷ் பேசுகிறவர்கள் இடம் அது. மர்ஃபி டவுனில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?"

கோபம் நியாயமானதுதான். மழுப்பாமல் பதில் சொல்கிறேன். அது ஊரின் தென் கோடியில், வசதியானவர்கள் வாழும் பகுதியில் இருக்கிறது. டிக்கெட் அதிகமில்லை என்றாலும் நாலு பேர் போக்குவரத்துச் செலவோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு அது ஒரு நாள் சம்பளம். போஸ்டர் மர்ஃபி டவுன் சுவரில் ஒட்டப்படுவதில்லை. இதெல்லாம் மாற வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

ஆனால் உள்ளே வருகிறவர்களைப் பாருங்கள். கன்னட நாடகம் நடக்கிற நாளில் பேருந்தில் வருகிற வாத்தியார்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், நாடகத்தையே பிழைப்பாக வைத்துக்கொண்டு ஒரே ஜிப்பாவைத் துவைத்துத் துவைத்துப் போடுகிறவர்கள். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, ரங்கசங்கரா மட்டும்தான் பெங்களூர் நாடகம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஜே.சி. ரோட்டில் ரவீந்திர கலாக்ஷேத்திரா இருக்கிறது, தாகூர் நூற்றாண்டை ஒட்டி 1960-களில் எழுந்தது. அதன் பின்னால் சம்ஸ என்ற கன்னட நாடகாசிரியர் பெயரில் ஒரு திறந்தவெளி அரங்கம். 1970-களில் இயக்குநர் பி.வி. காரந்த் போன்றவர்கள் கன்னட நாடகத்தைப் புரட்டிப்போட்டது அந்தப் பக்கம்தான். அங்கே ஆகாசத்துக்குக் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்ததில்தான் எனக்கு நாடகப் பைத்தியம் பிடித்தது. கிழக்கில் வைட்ஃபீல்டில் 2011-லிருந்து ஜாக்ரிதி அரங்கம் இருக்கிறது. ஹனுமந்தநகரில் கே.எச். கலாசௌதா. மாடி வீடுகளிலும் புத்தகக் கடைகளிலும் முப்பது பேர் உட்கார்ந்து பார்க்கிற நாடகங்கள். ரங்கசங்கரா தினமும் விளக்கை ஏற்றியதால், இந்த மற்ற இடங்களுக்கும் நடிகர்கள் தயாரானார்கள், பார்வையாளர்களும் தயாரானார்கள். ஒரு ஊரில் தினம் சமைக்கிற அடுப்பு ஒன்று இருந்தால் நெருப்பு கேட்டு நாலு வீட்டுக்காரர்கள் வருவார்கள்.

என் மனக்குறை வேறு. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். காலனிகள் என்று இத்தனை லட்சம் தமிழர்கள் இருக்கிற ஊரில், அந்த மேடையில் தமிழ் எப்போதாவது ஒரு முறைதான் கேட்கிறது. வருவதும் பெரும்பாலும் சென்னை, புதுச்சேரிக் குழுக்கள். 1977-ல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கி நவீன நாடகத்துக்குத் தமிழில் ஒரு பாதை போட்டார். அதன் கிளை ஒன்றுகூட நம் ஊரில் வேர்விடவில்லை. கதவு மூடியிருக்கிறது என்று நாம் வெளியிலிருந்து சொல்கிறோம். நாம் தட்டவில்லை. மேலே எழுதியிருக்கிற மன்றச் செயலாளரின் பிள்ளைகள் தட்டப்போகிறார்கள். மர்ஃபி டவுனில் நடிக்க ஆசையுள்ள பையன்கள், பெண்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், அவர்களை அந்த மன்றத்தாருக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.

"1991 கலவரத்தைப் பார்த்தவர் நீங்கள். அதற்குப் பிறகும் கன்னட நாடகக்காரர்களோடு எப்படி வேலை செய்ய முடிந்தது? கேட்கத் தப்பில்லை என்றால்…" – சிவாஜிநகர் வாசகர்

கேட்கலாம். இதை நான் எழுதியதே இல்லை.

1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் ஊர் எரிந்தது. எங்கள் தெருவில் தமிழ் போர்டுகளை இரவோடு இரவாக இறக்கினோம். என் தங்கை குடும்பம் ஓசூருக்குப் போய்விட்டது. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கதவைத் தாழிட்டு, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தோம். விளக்கு போடுவதே வேலையான எனக்கு அந்த மூன்று ராத்திரிகள் இன்னும் மறக்கவில்லை.

அப்போது ஒரு கன்னடக் குழுவோடு நாடகம் ஒத்திகையில் இருந்தது. டிசம்பர் கடைசியில் அரங்கேற்றம். மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டும் சத்தம். பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டுத் திறந்தேன். அந்தக் குழுவின் இயக்குநர் ஸ்கூட்டரில் வந்திருந்தார். பசவனகுடியிலிருந்து அல்சூர் வரை, ஊரடங்கு தளர்த்திய இரண்டு மணி நேரத்தில். கையில் ஒரு பையில் அரிசி, நாலு பால் பாக்கெட், குழந்தைகளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். உள்ளே வரவில்லை, நேரமில்லை. "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்று. ஆயிற்று என்று பொய் சொன்னேன். "நாடகத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். நீ இல்லாமல் போடப்போவதில்லை" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

அவர் இன்று இல்லை. ரங்கசங்கரா திறந்து இரண்டு மூன்று வருடம் வரை இருந்தார். கடைசியாக அவரை நான் பார்த்தது அங்கேதான், வாசல் வரிசையில், ஏழே காலுக்கு, கையில் டிக்கெட்டோடு.

அந்த நாடகம் 1992 மார்ச்சில் நடந்தது. நான்தான் விளக்கு போட்டேன்.